பேட்டரி கார் மோட்டாரை மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலை வளாகங்களிலும் கிடங்குகளிலும், சென்ட்ரல் நிலையப் பிளாட்பாரங்களிலும் ஓடும் பேட்டரி கார்களில் பெரும்பாலானவை கோல்ஃப் மைதான வண்டியின் அமைப்பைக் கொண்டவை. இருக்கைக்கு அடியில் 36 அல்லது 48 வோல்ட் பேட்டரித் தொகுதி, பின் அச்சோடு நேரடியாகப் பொருத்திய மோட்டார், இரண்டுக்கும் நடுவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர். அந்த மோட்டாரை மாற்றும் வேலைதான் இங்கே.

போல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் இந்த வேலையில் சிறிய பகுதி. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். மோட்டார் கெட்டதா என்று பார்க்காமலே புதியதை வாங்கி வருவார்கள். கேபிள்களைக் குறிக்காமல் கழற்றுவார்கள். ஸ்ப்லைன் (தண்டின் பல்வரிசை) உட்காராதபோது போல்ட்டை முறுக்கி இழுப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கெட்டது மோட்டார்தானா?

வண்டி நகரவில்லை என்றதும் மோட்டாரைக் குறை சொல்வது வழக்கம். நகராத வண்டிகளில் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். பேட்டரி, சோலினாய்டு (பெடலை மிதித்ததும் மின்சாரத்தை இணைத்துவிடும் பெரிய சுவிட்ச்), மோட்டார் முனை என்ற வரிசையில் பார்த்து வாருங்கள். மின்சாரம் போகும் வழியிலேயே நீங்களும் போனால் எந்த இடத்தில் நின்றுபோனது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் 48 வோல்ட் லெட் ஆசிட் தொகுதி ஏறக்குறைய 51 வோல்ட் காட்ட வேண்டும். 36 வோல்ட் தொகுதி 38-க்குச் சற்று மேல். மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஆறு 8 வோல்ட் பேட்டரிகளில் ஐந்து நின்று, ஒன்று மட்டும் 5 வோல்ட்டுக்குச் சரிந்தால் உங்களுக்குத் தேவை ஒரு பேட்டரி. மோட்டார் அல்ல.

அடுத்தது சோலினாய்டு. பெடலை மிதித்ததும் ‘டிக்’ ஓசை வர வேண்டும். ஓசை வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் ஓசை வரும். மிதித்த நிலையில் அதன் இரண்டு பெரிய முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட சுழி காட்டினால் சரி. சில வோல்ட் காட்டினால் சோலினாய்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, பெடலை மிதித்த நிலையில் மோட்டார் முனைகளில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். ஆர்மேச்சருக்கும் (சுழலும் சுருள்) ஃபீல்டுக்கும் (அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருள்) வோல்டேஜ் வந்தும் சுழலவில்லை என்றால் சந்தேகம் மோட்டார் மேல். வரவே இல்லை என்றால் கன்ட்ரோலர், ஆக்சிலரேட்டர் சென்சார், முன்பின் சுவிட்ச், மைக்ரோ சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். மோட்டாரைத் தொட வேண்டியதில்லை.

கடைசியாக ரெசிஸ்டன்ஸ். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து (4-ஆம் பகுதி), மோட்டாரிலிருந்து கேபிள்களைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஆர்மேச்சரின் ஏ1, ஏ2 முனைகளுக்கு இடையே மிகக் குறைந்த அளவு, ஒரு ஓமுக்கும் கீழே, வர வேண்டும். ஃபீல்டின் எஸ்1, எஸ்2 இடையே அதைவிடக் குறைவு. எஸ்ஸுக்குப் பதில் எஃப்1, எஃப்2 என்று எழுதிய மோட்டாராக இருந்தால் ஓரிரு ஓம் வரலாம். ஆர்மேச்சர் முனைக்கும் ஃபீல்டு முனைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. எந்த முனைக்கும் மோட்டார் உடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரு பின் சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மற்றதைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி ஏ1, ஏ2 அளவைப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் தொடர்பு அறுந்து மீண்டும் வந்தால் பிரஷ் (ஆர்மேச்சருக்கு மின்சாரம் தரும் கார்பன் கட்டை) தேய்ந்திருக்கிறது அல்லது அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் பட்டை எரிந்திருக்கிறது.

ஆலை எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு சொல்: கையில் மெக்கர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருக்கிறது என்பதற்காக, கன்ட்ரோலர் கேபிள் மாட்டியிருக்கும்போதே மெக்கர் பிடிக்காதீர்கள். மோட்டாரைச் சோதிக்கப் போய்க் கன்ட்ரோலரை எரித்துவிடுவீர்கள்.

கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் மோட்டாரையே மாற்றத் தேவையில்லை. கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவி, பட்டைகளுக்கு இடையேயுள்ள மைக்காவைத் தாழ்த்தி, புதுப் பிரஷ் போட்டுக்கொள்ளலாம். வியாசர்பாடி, காசிமேட்டுப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு இது புதிய வேலையல்ல. பட்டைகள் மேலே எழும்பியிருந்தால், ஈயம் உருகி உட்சுவரில் தெறித்திருந்தால், வார்னிஷ் கருகிய வாடை வந்தால், மோட்டாரின் உட்பற்கள் தேய்ந்திருந்தால், மாற்றுவதே மிச்சம்.

2. ஏன் எரிந்தது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள் அதே வண்டிக்கு மீண்டும் மோட்டார் வாங்குவார்கள்.

தூக்கி நிறுத்திய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் உரசுகிறது என்றால் மோட்டார் நாள் முழுதும் பிரேக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறது. பலவீனமான பேட்டரியும் மோட்டாரைக் கொல்லும். வோல்டேஜ் குறையும்போது அதே சுமையை இழுக்க மின்னோட்டம் கூடுகிறது, சூடு ஏறுகிறது. ஆறு பேர் வண்டியில் ஒன்பது பேரும் இரண்டு சிலிண்டரும் ஏறுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர்கள் அறியாமல் செய்யும் ஒரு தவறு உண்டு. நம் பக்கம் எல்லாம் சமதரை, ஏற்றம் என்றால் கிடங்கின் சாய்தளம்தான். அதில் முன்னால் லாரி நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்வார்கள். அப்போது ஆர்மேச்சர் சுழலாமல் நிற்கிறது; முழு மின்னோட்டமும் பிரஷுக்கு அடியில் இருக்கும் அதே ஓரிரு பட்டைகளின் வழியாகப் போகிறது. அந்தப் பட்டைகள் மட்டும் கருகிப்போன கம்யூட்டேட்டரைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று சொல்லிவிடலாம். மோட்டாரை மாற்றும் நாளிலேயே ஓட்டுநரையும் அழைத்துக் காட்டிவிடுங்கள்.

3. சரியான மோட்டாரை வாங்குதல்

பழைய மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருவேறிப் படிக்க முடியவில்லை என்றால் கீழ்க்கண்டவற்றை வண்டியிலேயே பார்த்துக் குறியுங்கள்.

வகை. நான்கு முனைகளும் ஒரே கனத்தில் இருந்து ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று எழுதியிருந்தால் சீரீஸ் மோட்டார் (ஆர்மேச்சரும் ஃபீல்டும் ஒரே தொடராக இணைவது). இரண்டு தடித்த முனை, இரண்டு மெல்லிய முனை, மெல்லியவற்றில் எஃப்1, எஃப்2 என்று இருந்தால் ஃபீல்டு தனியாக ஊட்டப்படும் வகை. மூன்று தடித்த கேபிளும் ஒரு மெல்லிய சென்சார் பிளக்கும் இருந்தால் ஏசி மோட்டார். மூன்றுக்கும் கன்ட்ரோலர் வேறு வேறு. கர்ட்டிஸ் நிறுவனத்தின் 1204, 1205 வரிசை கன்ட்ரோலர்கள் சீரீஸ் மோட்டாருக்கானவை. 1268 ஃபீல்டு தனியாக ஊட்டும் வகைக்கு. வெளித்தோற்றத்தில் மோட்டார்கள் ஒன்றுபோலவே இருக்கும், பின் அச்சிலும் பொருந்திவிடும். மாட்டி முடித்த பிறகுதான் வகை தவறு என்பது தெரியவரும். வாங்கும்போது நேரும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

வோல்டேஜ். 36 வோல்ட் மோட்டாரை 48-இல் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆலைக்குள் நாள் முழுதும் ஓடும் வண்டிக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

ஸ்ப்லைன் பற்கள். பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து நீளும் தண்டின் பற்கள் மோட்டாரின் உட்பற்களில் நுழைகின்றன. 19 பற்கள் பரவலாகக் காணப்படுவது. 10 பற்கள் உள்ள பழைய மாடல்களும் உண்டு. கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள்.

போல்ட் துளைகள். மூன்றா நான்கா, எந்தக் கோணத்தில், இஞ்ச் மரையா மில்லிமீட்டர் மரையா. அமெரிக்க மாடல்களில் இஞ்ச் போல்ட் வரும். பாரிமுனையில், செம்புதாஸ் தெருவில் கேட்டால் இரண்டும் கிடைக்கும். ஆனால் பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மரைகளும் அலுமினிய உடலுக்குள் போனால் ஒன்றல்ல.

வேக சென்சார். சில மோட்டார்களின் கம்யூட்டேட்டர் பக்க முனையில் ஒரு சிறு காந்த வளையமும் அதன் மேல் சென்சாரும் இருக்கும். புது மோட்டார் பல வேளைகளில் காந்தம் இல்லாமல்தான் வரும். பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டாரைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்ட பிறகு நினைவு வந்து பயனில்லை.

சக்தி கூடிய மோட்டார் வாங்க ஆசைப்பட்டால் கேபிளையும் கன்ட்ரோலரின் ஆம்பியர் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பழைய மெல்லிய கேபிள் சூடாகி, அதன் நுனியில் உள்ள லக் (இணைப்பு வளையம்) உருகும். அத்தகைய மாற்றத்துக்கு 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் பொருத்தமாக இருக்கும்.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ரிங் ஸ்பேனர் இரண்டு செட், பாக்ஸ் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, உப்புத்தாள், கம்பி பிரஷ், மாலிப்டினம் கலந்த கிரீஸ், புது ஆயில் சீல், மோட்டார் கப்ளிங்குக்குள் (உட்பற்கள் உள்ள இணைப்பு) போகும் ரப்பர் முட்டு, வண்ண டேப், ஒரு 60 வாட் குண்டு பல்பு ஹோல்டருடன், இரண்டு துண்டு வயருடன்.

ஸ்பேனர் இரண்டு செட் எதற்கு என்பது 5-ஆம் பகுதியில். குண்டு பல்பு எதற்கு என்பது இந்தப் பகுதியின் கடைசிப் பத்தியில். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

மின்சாரத்தைத் துண்டிக்கும் வரிசை இது. சாவியை அணையுங்கள். இழுவை, ஓட்டம் என்று இரு நிலை உள்ள சுவிட்ச் இருக்கைக்கு அடியில் இருந்தால் இழுவை நிலைக்குத் தள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரித் தொகுதியின் முதன்மை நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாக மடக்குங்கள். பிறகு பாசிட்டிவ். பேட்டரிகளின் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள். மேலே தவறி விழும் ஸ்பேனர் இரண்டு முனைகளைத் தொட்டால் சிவந்து உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். சார்ஜ் போட்டு எடுத்த உடனே இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் வெளியேற இருக்கையைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

ஏன் நெகட்டிவ் முதலில்? இந்த வண்டிகளில் பேட்டரித் தொகுதிக்கும் சேஸிஸுக்கும் பொதுவாக இணைப்பு இருக்காது. ஆனால் ஹார்ன், விளக்கு, மின்விசிறி என்று பின்னால் பொருத்தியவர்களில் யாராவது ஒருவர் சேஸிஸில் எர்த் கொடுத்திருப்பார். அப்படிக் கொடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பேட்டரியைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோலருக்குள் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். குண்டு பல்பின் இரு வயர்களையும் கன்ட்ரோலரின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளில் சில விநாடி வையுங்கள். இழை மங்கலாகச் சிவந்து அணையலாம், ஒளியே தெரியாமலும் போகலாம். மீட்டர் ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் போதும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘பட்’டென்று இறக்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

5. கேபிள்களைக் குறித்துக் கழற்றுதல்

படம் எடுங்கள். பிறகு டேப்பில் ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று எழுதிக் கேபிளிலேயே ஒட்டுங்கள். படம் மட்டும் போதாது. எல்லாக் கேபிளும் கறுப்பு, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, படத்தில் எது எது என்று பிரித்தறிய முடியாது. புது மோட்டாரில் முனைகள் இருக்கும் இடமும் சற்று மாறியிருக்கலாம். ஆகவே ‘மேலே இடது’ என்று எழுதாமல் முனையின் பெயரை எழுதுங்கள்.

மோட்டார் முனையில் இரண்டு நட்டுகள் இருக்கும். கீழ் நட்டு முனையை உடலோடு பிடித்திருக்கிறது. மேல் நட்டு கேபிளைப் பிடித்திருக்கிறது. கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இன்னொன்றால் திருப்புங்கள். ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் முனைக்கம்பி முழுதாகச் சுழன்று, உள்ளே சுருளோடு உள்ள இணைப்பை முறுக்கி அறுத்துவிடும். பழைய மோட்டாரில் இதைச் செய்தால் நட்டம் குறைவு. புது மோட்டாரில் மாட்டும்போதும் இதே தவறு நடக்கிறது; அப்போதுதான் வயிற்றெரிச்சல்.

எண்ணூர், காசிமேட்டுக் கடற்காற்று படும் வண்டிகளில் நட்டு துருவோடு இறுகியிருக்கும், லக்கில் களிம்பு பூத்திருக்கும். துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முனைக்கம்பியை முறித்துவிட்டால், கடையில் பழைய மோட்டாருக்குக் கழிவு விலை கேட்கவும் முடியாது.

6. மோட்டாரை இறக்குதல்

முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை வையுங்கள். வண்டியின் பின்பகுதியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மழை பெய்து ஊறிய மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் மண்ணில் புதைந்து வண்டி சாயும்.

பெரும்பாலான மாடல்களில் மோட்டார் அச்சுக் குழாய்க்கு இணையாகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினால் கை வைக்க இடம் கிடைக்கும். இடம் போதாவிட்டால் ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பக்கத்தை விடுவியுங்கள்.

மோட்டார் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கடைசிப் போல்ட்டை எடுக்கும் முன்பே அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்துத் தாங்குங்கள். போல்ட் எல்லாம் வந்துவிட்டதும் மோட்டார் தண்டின் மேல் தொங்கினால் அந்தப் பாரம் முழுதும் டிஃபரன்ஷியலின் உள்தண்டு, ஆயில் சீல், பேரிங் ஆகியவற்றின் மேல்தான்.

தாங்கியபடி நேராக இழுங்கள். மேலும் கீழும் ஆட்டி நெம்பாதீர்கள். இறுகியிருந்தால் இணைப்பு விளிம்பில் மரச்சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் விடும்.

7. மோட்டார் வெளியே இருக்கும்போது

இந்த இடத்தில் நேரம் செலவிடுங்கள். மீண்டும் இதே இடத்தைப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.

உள்தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்குள் எண்ணெய் போய்ப் பிரஷ் ஊறியிருந்தால் பழைய மோட்டார் கெட்டதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம். கசிவு இல்லாவிட்டாலும் ஆயில் சீலை மாற்றிவிடுவதே என் வழக்கம்; அதற்கு ஆகும் செலவு மோட்டாரின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

தண்டின் பற்களைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பற்கள் கூர்முனையாகத் தேய்ந்திருந்தால் புது மோட்டாரின் பற்களையும் அது விரைவில் தின்றுவிடும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அப்படியிருக்கப் புது மோட்டாரை மாட்டினால் அதிர்வில் அதுவும் போகும். டிஃபரன்ஷியல் எண்ணெயின் மட்டத்தையும் இப்போதே பாருங்கள். எந்த எண்ணெய் என்பது மாடலுக்கு மாடல் வேறு, வண்டிக் கையேட்டில் இருக்கும்.

8. புது மோட்டாரை ஆயத்தம் செய்தல்

1-ஆம் பகுதியில் சொன்ன ரெசிஸ்டன்ஸ் சோதனையைப் புது மோட்டாருக்கும் செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மோட்டாரில் எப்படிக் குறை இருக்கும் என்று கேட்பவர்கள் லாரியில் பெட்டிகளை எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்ததில்லை போலும்.

தரையில் வைத்து 12 வோல்ட் கொடுத்துச் சுழற்றிப் பார்க்கலாமா? அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பல மோட்டார்களில் கம்யூட்டேட்டர் பக்கம் மட்டும்தான் பேரிங் இருக்கும். மறுமுனையை டிஃபரன்ஷியல் தண்டுதான் தாங்குகிறது. தண்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் அது ஒற்றைப் பேரிங் மோட்டார். அதைத் தனியாகச் சுழற்றினால் ஆர்மேச்சர் ஃபீல்டு துண்டில் உரசும். அதை அச்சில் மாட்டி, சக்கரங்களைத் தூக்கி வைத்த பிறகே சுழற்ற வேண்டும்.

இரட்டைப் பேரிங் மோட்டாராக இருந்தால் தரையில் நன்றாகக் கட்டி, சீரீஸ் வகையில் ஏ2-வையும் எஸ்1-ஐயும் ஒரு வயரால் இணைத்து, ஏ1-இலும் எஸ்2-இலும் 12 வோல்ட் கொடுங்கள். சில விநாடி போதும். 48 வோல்ட் கொடுக்கவே கூடாது. சுமை இல்லாத சீரீஸ் மோட்டாருக்கு வேக எல்லை என்று ஒன்றில்லை. ஆர்மேச்சர் சிதறும் வரை வேகம் ஏறும். எஃப் முனை உள்ள வகையில் எஃப்1, எஃப்2-வுக்கு முதலில் 12 வோல்ட் கொடுத்து, அதன்பின் ஏ1, ஏ2-வுக்குக் கொடுங்கள். எடுக்கும்போது ஆர்மேச்சரை முதலில் எடுங்கள். ஃபீல்டு இல்லாமல் ஆர்மேச்சருக்கு மட்டும் மின்சாரம் போனால் அதுவும் கட்டுக்கடங்காமல் ஓடும்.

வேக சென்சார் காந்தத்தைப் பழைய மோட்டாரிலிருந்து எடுத்து மாற்றுங்கள். அதில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும்; டேப்பின் ஒட்டும் பக்கத்தை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். காந்தத்தைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள். விரிசல் விட்ட காந்தத்தோடு மாட்டினால் வண்டி குதித்துக் குதித்து ஓடும், அல்லது ஊர்ந்து போகும். அப்போது எல்லாரும் கன்ட்ரோலரைத்தான் சந்தேகிப்பார்கள்.

கப்ளிங்குக்குள் ரப்பர் முட்டைப் போடுங்கள். உட்பற்களில் மாலிப்டினம் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கைநிறைய அள்ளி அடைத்தால் தண்டு நுழையும்போது பிஸ்டன் போல அழுத்தி, மிச்சக் கிரீஸ் மோட்டாருக்குள் போய்ப் பிரஷில் விழும்.

9. பொருத்துதல்

மோட்டாரைத் தாங்கியபடி தண்டின் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் மோட்டாரைத் தள்ள, இன்னொருவர் கழற்றாத பக்கத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். பற்கள் நேர்ப்பட்டதும் மோட்டார் தானாக உள்ளே போகும்; விளிம்பும் விளிம்பும் கையால் தள்ளியே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கவே கூடாது. பல்லின் மேல் பல் உட்கார்ந்திருக்கும். முறுக்கினால் அலுமினிய விளிம்பு விரிசல் விடும், அல்லது தண்டு உள்ளே தள்ளப்பட்டு டிஃபரன்ஷியல் பேரிங் நசுங்கும். இந்த வேலையில் ஆகும் பெருஞ்செலவுகளில் பாதி இந்த ஒரு நிமிட அவசரத்தில் வருபவை.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் சில சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாத போல்ட் தவறான மரையில் போகிறது என்று பொருள். பிறகு எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு.

10. கேபிள்களை மாட்டுதல்

லக்கின் இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். லக்கின் கழுத்தில் கேபிள் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் வெட்டிப் புது லக் அழுத்திவிடுங்கள். வெளியே நல்லதாகத் தெரிந்து உள்ளே களிம்பேறிய கேபிள், ஓட்டத்தில் புது முனையையும் சுட்டுவிடும்.

கேபிள் லக் நேரடியாகக் கீழ் நட்டின் மேல் உட்கார வேண்டும். அதன் மேல் வாஷர், அதன் மேல் நட்டு. வாஷரை லக்குக்கு அடியில் போடுவது பரவலான பிழை. எஃகு வாஷர் வழியாக முழு மின்னோட்டமும் போனால் அந்த இடம் சூடாகும். இறுக்கும்போது கீழ் நட்டை இரண்டாவது ஸ்பேனரால் பிடியுங்கள். கேபிள்கள் அச்சிலோ பிரேக் கம்பியிலோ உரசாமல் கட்டுங்கள். அச்சு மேலும் கீழும் ஆடும் என்பதால் கொஞ்சம் தளர்வும் விடுங்கள்.

11. மின்சாரம் கொடுத்தல்

சக்கரங்கள் இன்னும் தரைக்கு மேலேயே இருக்கட்டும். சாவி அணைந்து, சுவிட்ச் இழுவை நிலையில் இருக்க, முதலில் பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ். அரை நிமிடம் கழித்து ஓட்ட நிலைக்கு மாற்றுங்கள்.

முன்னோக்கிப் போட்டுப் பெடலை லேசாக மிதியுங்கள். சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க இரண்டு விநாடி போதும். சுமையில்லாமல் முழுப் பெடல் கொடுக்காதீர்கள். திசை தலைகீழாக இருந்தால் சீரீஸ் வகையில் எஸ்1, எஸ்2 கேபிள்களை இடம் மாற்றுங்கள்; எஃப் முனை உள்ள வகையில் எஃப்1, எஃப்2. ஏ முனைகளையும் சேர்த்து மாற்றிவிட்டால் திசை பழையபடியே இருக்கும், நீங்கள் தலையைச் சொறிவீர்கள். மாற்றும் முன் 4-ஆம் பகுதியில் சொன்னபடி மின்சாரத்தை மறுபடி துண்டிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

காதையும் பயன்படுத்துங்கள். சீரான ரீங்காரம் சரி. கரகரப்பு வந்தால் ஒற்றைப் பேரிங் மோட்டாரில் தண்டு நேராக உட்காரவில்லை. கழற்றித் திரும்பப் பொருத்துங்கள்.

12. ஓட்டிப் பார்த்தல்

வண்டியை இறக்கி, ஆள் ஏற்றாமல் சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். முதல் ஒரு மணி நேரம் பாரமோ ஏற்றமோ வேண்டாம். புதுப் பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்த அவகாசம் தேவை. அதற்கு முன் சாய்தளத்தில் ஏற்றினால் பிரஷின் சிறு பகுதி வழியாகவே மின்னோட்டம் போய்ப் பொறி பறக்கும்.

கால் மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி, வெப்பமானியால் மோட்டார் உடலையும் நான்கு முனைகளையும் அளவிடுங்கள். உடல் சூடாவது இயல்பு. ஒரே ஒரு முனை மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஒரு வாரம் ஓடிய பிறகு, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எல்லா நட்டு, போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சூடாகி ஆறும்போது செம்பு லக் அமுங்கும், நட்டு தளரும்.

13. வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. அதன்பின், நனைந்த மோட்டாரை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. நனைந்த மோட்டாரை உடனே மாற்றத் தேவையில்லை. உடனே ஓட்டவும் கூடாது. மோட்டாரைக் கழற்றி, மூடியைத் திறந்து, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, வெயிலிலும் மிதமான சூட்டிலும் முழுதாக உலர்த்தி, பேரிங்கை மாற்றி, உடலுக்கும் முனைகளுக்கும் தொடர்பில்லை என்று உறுதி செய்தபின் மாட்டலாம். உப்புக் கலந்த முகத்துவாரத் தண்ணீர் புகுந்திருந்தால் உலர்த்தினாலும் சுருளுக்குள் உப்பு தங்கும். வைண்டிங் கடையில் கொடுத்து மீண்டும் வார்னிஷ் ஏற்றச் சொல்லுங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அங்கேயும் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெயை வடித்து மாற்றுங்கள்.

14. பழைய மோட்டார்

எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வைண்டிங் கடையில் காட்டுங்கள். ஃபீல்டு நன்றாக இருந்து ஆர்மேச்சர் மட்டும் போயிருந்தால் காயில் கட்டி உபரியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மாடலில் நான்கைந்து வண்டி வைத்திருக்கும் வளாகங்களுக்கு அந்த உபரி மோட்டார் மிகவும் உதவும்: அடுத்த வண்டி நிற்கும்போது அதை மாட்டி ஓட்டிவிட்டு, கெட்டதை நிதானமாகப் பழுதுபார்க்கலாம். உறுதியாகப் பயனில்லை என்றால் பிரஷ் தாங்கிகள், முனைக்கம்பிகள், காந்தம், நல்ல நிலையில் உள்ள போல்ட்டுகள் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியைச் செம்பு விலைக்குப் பேசுங்கள். இரும்பு விலைக்கு அல்ல.